முதற்பதிப்பும் இடிந்த சுவரும்

பழைய நூல்களைத் தேடிச் சேர்ப்போரைக் கண்டு நம்மவர் இளநகை புரிவது வழக்கம். செல்லரித்த தாளுக்குப் பொன்னைக் கொடுக்கும் பித்தர் என்பது அவர்களுக்கு நாம் சூட்டும் பெயர். கோட்டையூரில் விளம்பரப் பலகைகள் எழுதி வாழ்ந்த ரோஜா முத்தையாவும் தம் நாளில் இப்பெயரைப் பெற்றிருக்கக்கூடும். அவர் திரட்டிய ஏறத்தாழ ஒரு இலட்சம் நூல்களையும் இதழ்களையும், அவர் 1992இல் மறைந்த பின்னர், அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் விலை கொடுத்துப் பெற்றது. அவை கடல் கடந்து போகாமல் சென்னையிலேயே நூலகமாக நிலைபெற்றது நம் நற்பேறு. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அத்தகைய பேறு பெறவில்லை. அதைக் கண்ணால் காண விரும்புவோர் ஹார்வர்டுக்குச் செல்ல வேண்டும்.

கத்தோலிக்கராகிய நாம் இத்துறையில் முற்றிலும் உறங்கிக் கிடந்தோம் என்று சொல்வதற்கில்லை. புரோயென்சா அடிகளாரின் 1679ஆம் ஆண்டுத் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியை அருள்தந்தை தனிநாயகம் 1966இல் மீண்டும் வெளிக்கொணர்ந்தார். அண்டிரிக் அடிகளாரின் 'அடியார் வரலாறு' என்னும் 1586ஆம் ஆண்டு நூலைச் சேசு சபை அருள்தந்தை இராசமாணிக்கம் மறுவாழ்வு பெறச் செய்தார். எனினும் ஒன்றை மனத்தாங்கலின்றி ஒப்புக்கொள்வோம். நாம் தேடியவை பெரும்பாலும் நமக்குப் புகழ் சேர்க்கும் நூல்களே. 'அச்சுக்கலையில் நாமே முன்னோடிகள்' என்று விழா மேடையில் முழங்க அவை உதவின. நம்மைக் கூசச் செய்யும் வரலாற்று நூலை விரும்பித் தேடியவர் எத்தனை பேர்?

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அத்தகைய நூல். 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் கண்டதையும் கேட்டதையும் அவர் எழுதி வைத்தார். 1846இல் கலுவா-மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவர் வழித்தோன்றல்களின் இல்லத்தில் அதைக் கண்டெடுத்தார். சென்னை அரசு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழ் மூலமோ 1948 முதல்தான் புதுச்சேரியில் தொகுதிகளாக அச்சேறத் தொடங்கியது. தமிழர் ஒருவர் தமிழில் எழுதிய வரலாற்றின் முதற்பதிப்பைத் தேடுபவர் ஆங்கிலத் தொகுதிகளை அல்லவா வாங்க வேண்டியிருக்கிறது! பிரைசும் ரங்காச்சாரியும் பின்னர் டாட்வெலும் ஆற்றிய உழைப்பு பெரிது. அதைக் குறைத்துரைப்பது நன்றியன்று. ஆயினும் 'குவர்னதோர்', 'முசே' என்று பிரெஞ்சும் போர்த்துக்கீசியமும் கலந்து ஓடும் அந்தப் பேச்சுத் தமிழின் உயிர்ப்பை ஆங்கிலத்தில் காண இயலவில்லை. துபாசியின் குரல் அங்கே கனவானின் குரலாகி விடுகிறது.

நம்மைக் கூசச் செய்வது 1745ஆம் ஆண்டுப் பகுதி. சம்பாக் கோவிலுக்குள் சாதிக் கிறித்தவரையும் பறையர் கிறித்தவரையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. நாமும் இறைமக்கள் அல்லோமா என்று ஒடுக்கப்பட்டோர் குருக்களிடம் முறையிட்டனர், சுவர் இடிக்கப்பட்டது, மற்றவர்கள் கொதித்தெழுந்தனர். அதே ஆண்டு இறுதியில், கிறித்தவ துபாசியான கனகராய முதலியார் உழவர்கரையில் தாம் எழுப்பிய ஆலயத்திற்காகப் பெருவிருந்து வைத்தார். அவ்விருந்தில் சாதிக்கேற்பத் தனித்தனிச் சமையல் நடந்ததையும் பிள்ளை விடாது குறித்துள்ளார். 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின் போது, நம் ஆலயத்தை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதையும் அவரே வேதனையுடன் எழுதுகிறார்.

பிள்ளை நடுநிலையாளர் அல்லர் என்று சிலர் மறுப்பர். உண்மையே. அவர் சைவ, வைணவ மரபினரிடையே வாழ்ந்தவர். கனகராயருக்குப் பதவிப் போட்டியாளர். துய்ப்ளெக்சின் துணைவியார் மீது தீராக் கசப்புடையவர். ஆனால் சுவரைப் பற்றிப் பொய் சொல்லி அவர் அடையக்கூடிய ஊதியம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை. தம் சாதிச் சார்பையே மறைக்காத மனிதர் அவர்.

கண்டமங்கலத்திலிருந்து பேருந்தில் ஏறினால் சிறிது நேரத்தில் புதுவையை அடைந்து விடலாம். ஆண்டுதோறும் நாம் அமலோற்பவ அன்னையின் திருவிழாவிற்குச் செல்கிறோம். இப்போதுள்ள பேராலயம் 1791இல் எழுந்தது. 1761இல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கிய போது பழைய ஆலயமும் அழிந்தது. எனவே அச்சுவர் நின்ற தடத்தை அங்கே தேடிப் பயனில்லை. அது நாட்குறிப்பின் ஏட்டில் மட்டுமே நிற்கிறது.

நூல் சேர்ப்போரிடத்தும் எனக்கு ஒரு குறை உண்டு. முதற்பதிப்பை வாங்கித் தோலுறையிட்டுப் பூட்டி வைப்பவர் பலர். தாள் பிரிக்கப்படாத படிக்கே விலை மிகுதி. படிக்கப்படாமையே மதிப்பாகும் விந்தை இது! பன்னிரண்டு தொகுதிகளும் 1980களில் தில்லியில் மறுபதிப்பாயின. படிப்பதற்கு அதுவே போதும். முதற்பதிப்பின் தேவை வேறு: பின்னர் எவரேனும் ஒரு வரியை நீக்கினால், நீக்கியது எது என்று காட்ட அது வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குமனையின் பின்கட்டில் மரப்பெட்டி ஒன்றைக் கண்டேன். புதுவை மாதா கோவில் அச்சுக்கூடத்து வெளியீடுகள், பழைய ஞானோபதேசங்கள், அட்டை கழன்ற ஒரு பிரெஞ்சு மறைத்தள வரலாறு ஆகியவை கரையானோடு கிடந்தன. எடுத்துப் போகலாமா என்றேன். 'கணக்கில் இல்லாதவை, எடுத்துக்கொள்ளுங்கள்' என்றார் அங்கிருந்தவர். நான் எடுக்கவில்லை, பட்டியலிட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். அப்பட்டியலும் இப்போது அப்பெட்டிக்குள்தான் இருக்கிறது என்று கேள்வி.