நீளமும் முழுமையும்: 'லோர்ட் ஒவ் த றிங்ஸ்' திரைப்படத்தின் இரு பாடங்கள்

ஒரே படைப்பு ஒன்றுக்கு மேற்பட்ட பாடங்களில் வழங்குவது தமிழிலக்கிய மாணவர்க்குப் புதிய செய்தியன்று. ஏட்டிலே பாடபேதம் பெரும்பாலும் பிரதி செய்வோர் கையினால் நேர்ந்தது. திரைப்படத்திலோ அது சந்தையின் தேவை கருதித் திட்டமிட்டே உருவாக்கப்படுகின்றது. இவ்வேறுபாட்டினை மனங்கொண்டு, பீற்றர் ஜக்சன் நியூசிலாந்திலே படமாக்கிய 'லோர்ட் ஒவ் த றிங்ஸ்' வரிசையின் இரு வடிவங்களை நாம் ஈண்டு ஒப்புநோக்குகின்றோம்.

1954–55 இல் வெளிவந்த ரொல்கீனின் நாவலைத் தழுவிய மூன்று படங்களும் 2001, 2002, 2003 ஆகிய ஆண்டுகளின் டிசம்பர் மாதங்களில் திரையரங்குகளுக்கு வந்தன. ஒவ்வொன்றினதும் விரிவாக்கப் பதிப்பு அடுத்த ஆண்டின் இறுதியில் இறுவட்டாக விற்பனைக்கு வந்தது. மூன்றாவது படம் 201 நிமிடங்களிலிருந்து ஏறத்தாழ 250 நிமிடங்களாக வளர்ந்தது. திரையரங்கிலே படத்தின் நீளம் நாளொன்றுக்கு எத்தனை காட்சிகள் என்னும் கணக்கிற்குக் கட்டுப்பட்டது. வீட்டிலோ, ஏற்கெனவே பார்த்தவரை மீண்டும் வாங்கச் செய்வதற்கு அந்நீளமே விற்பனைப் பண்பாகின்றது. ஆகவே, விரிந்த வடிவம் கலைஞனின் முழு உள்ளம், சுருங்கியது வணிகத்தின் வெட்டு என்னும் பரவலான கருத்து ஏற்புடையதன்று. ஜக்சனும் திரையரங்கப் பதிப்புக்களையே முடிந்த வடிவங்களாகக் கொண்டார். இரண்டும் பண்டங்களே.

எனினும், பண்டம் எனக் கூறியதோடு திறனாய்வு முடிந்துவிடுவதில்லை. எது நீக்கப்பட்டது, எது சேர்க்கப்பட்டது என வினவுதல் வேண்டும்.

இரண்டாவது படத்தில், இருளரசன் சவுரோனுக்காகத் தெற்கிலிருந்து போரிட வந்த படையினைப் பரமிரின் வீரர்கள் தாக்குகின்றனர். விரிவாக்கப் பதிப்பில், இறந்து கிடக்கும் பகைவீரன் ஒருவனைக் கண்ட பரமிர் அவனது பெயரையும் ஊரையும், அவனைப் போருக்கு இழுத்துவந்த காரணத்தையும் எண்ணிப் பேசுகின்றான். திரையரங்கப் பதிப்பில் இப்பேச்சு இல்லை. அது நீங்கியதும் தென்னாட்டார் முகமற்ற திரளாக எஞ்சுகின்றனர். பகைவனுக்கும் பெயருண்டு என்னும் எண்ணம் கதையோட்டத்திற்கு வேண்டாத சுமையெனக் கழிக்கப்பட்டது. விரிவாக்கப் பதிப்பின் பெறுமதி இவ்விடத்திலே ஐயத்திற்கிடமற்றது.

ஆயின், நாவலில் இவ்வாறு எண்ணுபவன் தோட்டக்காரனாகிய சாம். போரினை முதன்முறையாக அருகிற் காணும் உழைப்பாளி ஒருவனின் மனத்தில் எழுந்த எண்ணம், ஆட்சியாளன் மகனின் வாய்மொழியாக மாற்றப்பட்டுள்ளது. இரக்கம் மீட்கப்பட்டது, அதற்குரியவன் மீட்கப்படவில்லை.

மூன்றாவது படத்திலே சேர்க்கப்பட்ட காட்சியொன்று இதற்கு எதிர்மாறானது. அங்கு சவுரோனின் தூதனை அரகோர்ன் தலைகொய்கின்றான். நாவலில் அத்தூதன் உயிரோடு திரும்புகின்றான். தூதரைக் கொல்லலாகாது என்பது இராமகாதை அறிந்தோர்க்கு விளக்கவேண்டியதன்று. கூடுதல் நிமிடங்கள் மனிதநேயத்தைச் சேர்ப்பதும் உண்டு, சிதைப்பதும் உண்டு.

இனி, இரு பாடங்களிலும் இல்லாததொன்றினை நோக்குவோம். நாவலின் இறுதியில், போர் முடிந்து தமது ஊராகிய ஷயருக்குத் திரும்பும் ஹொபிற்றுகள், லோதோ என்பான் ஆலைகளையும் பண்ணைகளையும் தனதாக்கிக் கொண்டதையும், விளைபொருள் வெளியே ஏற்றப்பட ஊரார் பற்றாக்குறையில் வாடுவதையும், புதிய ஆலை நீரினை மாசுபடுத்துவதையும் காண்கின்றனர். மக்களைத் திரட்டி எதிர்த்தெழுகின்றனர். இச்சீரழிவின் பின்னின்ற மந்திரவாதி சருமன் அங்கேயே இறக்கின்றான். திரையரங்கப் பதிப்பில் அவனது இறப்புக் காட்டப்படவில்லை. விரிவாக்கப் பதிப்போ அவனை அவனது கோபுரத்திலேயே கொன்றுவிடுகின்றது. விரிவாக்கப்பட்ட இரண்டாம் படத்தில் அவனது களஞ்சியத்திலே ஷயரின் புகையிலைப் பீப்பாய்கள் அகப்படுகின்றன. நாவலில் இரகசிய வணிகத்தின் தடயமாகிய அது, படத்திலே நகைச்சுவையாக முடிந்துபோகின்றது.

ரொல்கீன் முற்போக்காளர் அல்லர். அவர் வேண்டியது பழைய ஒழுங்கின் மீட்சியே. ஆயினும், தீமை உடைமையின் வழியாகவும் வணிகத்தின் வழியாகவும் சொந்த ஊருக்குள் நுழையும் என அவர் கண்டார். மொத்தம் 11 மணித்தியாலங்களுக்கு மேல் நீளும் விரிவாக்கப் பதிப்புக்களில் அக்காட்சிக்கு இடமிருக்கவில்லை. ஆதலின், இத்தகைய ஒப்பாய்வில் ஈடுபடுவோர் நிமிடங்களை எண்ணுவதோடு அமையாது, இரு பாடங்களும் ஒருமித்து மௌனிக்கும் இடங்களையும் ஆராய்தல் வேண்டும் என்பதே எமது துணிபு.