வலி நீங்கும்: ஒரு துண்டுப் பிரசுரத்தின் விமர்சனம்

விமர்சனம் என்பது கவிதைக்கும் நாவலுக்கும் மட்டுமே உரியதென்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். மக்கள் எதை மிகுதியாக வாசிக்கின்றனரோ, எதை நம்பிக் கைப்பணத்தை எடுத்துக் கொடுக்கின்றனரோ, அதுவும் விமர்சகனின் பார்வைக்கு உட்பட வேண்டியதே. எங்கள் ஆரையம்பதியில் அண்மையில் எந்தச் சிறுகதைத் தொகுதியையும்விட அதிகமாகக் கைமாறிய வெளியீடு ஒன்று உண்டு. இரு பக்கங்களில் வழுவழுப்பான தாளில் அச்சிடப்பட்ட துண்டுப் பிரசுரம் அது. சூட்டையும் அதிர்வையும் கொடுத்து முதுகைப் பிடித்துவிடும் இயந்திரக் கட்டில் ஒன்றை அது புகழ்கிறது. வீதியோர மண்டபமொன்றில் அக்கட்டில்கள் வரிசையாக இடப்பட்டிருக்கின்றன. நாளுக்கு ஒரு முறை இலவசமாகப் படுத்துப் பார்க்கலாம். பிடித்திருந்தால் தவணையில் வாங்கலாம். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. ஒன்று மூடினால் மற்றொன்று திறக்கிறது.

பிரசுரத்தை ஒரு செய்யுளைப் படிப்பதுபோல ஊன்றிப் படித்தேன். அதன் வாக்கியங்களிற் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. வலி நீங்கும், இரத்த ஓட்டம் சீராகும், நச்சுப்பொருள்கள் வெளியேறும், நரம்புகள் புத்துயிர் பெறும். பத்தாந்தர மாணவன்கூட இங்கே ஓர் இலக்கணச் செய்தியைக் கண்டுகொள்வான். 'நீக்கும்' என்ற பிறவினை எங்கும் இல்லை. 'நீங்கும்' என்ற தன்வினையே எங்கும் வருகிறது. நீக்குபவர் ஒருவர் இருப்பாரானால், நீக்காதபோது அவரைப் பிடித்துக் கேட்கலாம். வலி தானாகவே நீங்குவதாயின், நீங்காதபோது யாரைக் கேட்பது? 'நீங்கும்' என்னும் முற்று காலத்திலும் கட்டுண்டு நிற்பதில்லை. எத்தனை நாளில் என்று கேட்டால், 'இன்னும் சில நாள் வந்து பாருங்கள்' என்பதே விடை.

எழுவாய் மறைந்ததுபோலவே காரணமும் மறைந்துவிட்டது. வலி எங்கிருந்து வந்தது என்று அப்பிரசுரம் ஓரிடத்திலும் வினவவில்லை. படத்தில் வெண்ணிற விரிப்பின்மேல் ஒரு பெண் புன்னகையோடு கிடக்கிறாள். அவள் அருகில் தறி இல்லை, வலை இல்லை, மண்வெட்டி இல்லை. வலி என்பது மழையைப்போல வானத்திலிருந்து அவள் முதுகில் விழுந்த ஒன்றாகத் தோன்றுகிறது. பழந்தமிழில் 'வலி' என்ற சொல் வலிமையையும் குறித்தது. உழைப்பவரின் வலிமை எங்கே செலவாகிறதோ அங்கேயே அவருடைய வலியும் பிறக்கிறது. பிரசுரத்தை எழுதியவர் இவ்விரண்டையும் வெட்டிப் பிரித்து, பின்னதை மட்டும் விலைக்கு எடுத்துக்கொண்டார்.

என் பெரியம்மா அம்மண்டபத்துக்கு நாள்தோறும் போய்வந்தவர். பதினான்கு வயதில் குழித்தறியில் இறங்கியவர். நாற்பது ஆண்டுக்கு மேலாக நெய்தவர். கால் இரண்டும் குழிக்குள் மிதியை மாற்றி மாற்றி மிதிக்க, ஒரு கை நாடாக் கயிற்றை இழுக்க, மறு கை பலகையை அடிக்க, முதுகு மாத்திரம் எதிலும் சாயாமல் வளைந்து நிற்கும் தொழில் அது. ஒரு நாள் அவரோடு நானும் போனேன். கட்டில்களிற் கிடந்தோரில் பெரும்பாலோர் ஐம்பது கடந்த பெண்கள். அவர்களிடையே வயலில் நாற்று நட்டவர்கள் இருந்தார்கள். வாவியில் பிடித்த மீனைத் தலையிற் சுமந்து விற்றவர்கள் இருந்தார்கள். வெளிநாட்டு வீடுகளிற் பணிசெய்து மீண்டவர்களும் இருந்தார்கள். ஓர் இளைஞர் ஒலிவாங்கியுடன் நின்று, குணமானவர்களைக் கைதட்டி எழுப்பிப் பேசவைத்தார். பெரியம்மாவிடம், 'உண்மையில் சுகமா?' என்று கேட்டேன்.

"என்ட சீவியத்தில பகலில படுத்தது இங்கதான் மனே. எழும்பு எண்டு சொல்ல ஒருத்தருமில்ல" என்றார்.

நான் படித்த எந்த ஆய்வுரையும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. அவர் அங்கே பெற்றது நாற்பது நிமிட ஓய்வு. கூடவே, தம் வயதையொத்த பெண்களின் பேச்சுத் துணை. அந்த ஓய்வு அவர் வீட்டில் இல்லை, தறிக்கொட்டிலில் இல்லை, கோயில் திருவிழாவிற்கூட இல்லை. இல்லாத அவ்வோய்வைத்தான் இயந்திரமாக உருமாற்றி அவருக்கே விற்க முன்வந்தனர். முற்பணத்துக்காக அவர் தம் தோட்டை அடகு வைக்க ஆயத்தமானதை அறிந்தபோதுதான் நான் இதை எழுத நினைத்தேன். கிழக்கிலும் வடக்கிலும் நுண்கடனால் நொடிந்த பெண்களின் துயர் பெருகியதனால், 2018 இல் வறட்சிப் பிரதேசப் பெண்கள் பட்ட ஓர் இலட்சம் ரூபா வரையான கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசே அறிவிக்க நேர்ந்ததை நாம் மறந்துவிடலாகாது. தவணை என்ற சொல் இங்குள்ள வீடுகளில் எத்தனை இரவுத் தூக்கத்தைப் பறித்தது என்பதை நாம் அறிவோம்.

இயந்திரத்தால் உடம்பைப் பிடித்துவிடும் எண்ணம் புதியதன்று. சுவீடன் நாட்டு வைத்தியர் குஸ்தாவ் சாண்டர் 1865 இல் ஸ்டொக்ஹோம் நகரில் 27 இயந்திரங்களுடன் ஒரு நிலையத்தைத் திறந்தார். கை கால்களை மடக்கி நீட்டுவனவும், முதுகைத் தட்டுவனவும், வயிற்றைப் பிசைவனவும், உடல் முழுவதையும் அதிரச் செய்வனவும் அவற்றுள் இருந்தன, ஓட்டியது நீராவி. 1876 இல் பிலடெல்பியாக் கண்காட்சியில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. இயந்திரம் வந்ததனால் உடலுழைப்பிலிருந்து விடுபட்டு நாற்காலியில் அமர்ந்தவர்கள், இழந்த அசைவைக் கட்டணம் செலுத்தி இயந்திரத்திடமே திரும்பப் பெற்றனர்.

இதன் வர்க்க முகத்தை 1912 இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை. அதன் மேற்றட்டில் இருந்த உடற்பயிற்சிக் கூடத்தில் மின்சாரத்தால் அசையும் குதிரையும் ஒட்டகமும் இருந்தன. முதல் வகுப்புப் பயணிகளுக்கு மாத்திரமே அங்கு அனுமதி. அதே கப்பலின் அடிவயிற்றில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 தொன் நிலக்கரியைத் தொழிலாளர் மண்வாரியால் அள்ளி அடுப்பில் எறிந்துகொண்டிருந்தனர். மேலே ஒருவர் முதுகு இன்பத்துக்காக அசைந்தது. கீழே ஒருவர் முதுகு கூலிக்காக ஒடிந்தது. இரண்டையும் இயக்கியது ஒரே கொதிகலன்.

தொழிலாளரிடமும் சாண்டரின் இயந்திரங்கள் வந்து சேர்ந்தன; வந்த வழிதான் வேறு. ஜெர்மனியில் 1884 இல் தொழில் விபத்துக் காப்புறுதிச் சட்டம் நிறைவேறிய பின், காயமுற்ற தொழிலாளர் இத்தகைய நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர். முறிந்த கை மீண்டும் அசைந்தால் தொழிலாளிக்கு நன்மை என்பது உண்மையே. அக்கை அசைந்தால் கொடுக்கவேண்டிய நட்டஈடு குறையும் என்ற கணக்கும் அங்கே இருந்தது.

மருத்துவ அறிவு இவ்வதிர்வைப் பற்றி என்ன கூறுகிறது? பாரிஸ் நகரின் புகழ்பெற்ற நரம்பியல் வைத்தியர் சார்க்கோ, நடுக்குவாத நோயாளர் நீண்ட புகைவண்டிப் பயணத்தின் பின் தேறியிருப்பதாகக் கூறக் கேட்டு, அதிரும் நாற்காலி ஒன்றைச் செய்வித்தார். அதுபற்றி 1892 இல் விரிவுரையும் ஆற்றினார். ஏறத்தாழ 120 ஆண்டுகளின் பின், 2012 இல், சிக்காகோ ஆய்வாளர் அதை மீண்டும் சோதித்து வெளியிட்டனர். அதிரும் நாற்காலியில் அமர்ந்தவர்கள் தேறினர். அதிராத நாற்காலியில் இதமான ஒலியைக் கேட்டு அமர்ந்திருந்தவர்களும் ஏறத்தாழ அவ்வளவே தேறினர். இதனால் அந்நோயாளர் பொய் சொன்னார்கள் என்று ஆகாது. ஓய்வும் கவனிப்பும் நம்பிக்கையும் உடம்புக்கு மெய்யான நன்மை தருவன. ஆயின் அதற்குரிய பெருமையை இயந்திரம் தனக்கென எடுத்துக்கொள்வது நியாயமன்று. பெரியம்மா சொன்னதும் இதுவேயல்லவா?

கீழ்முதுகு வலியால் 2020 இல் உலகில் 61.9 கோடி மக்கள் துன்புற்றதாக மதிப்பிடப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட வழிகாட்டல், நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு உடற்பயிற்சியையும் நோயாளிக்கு விளக்கம் அளித்தலையும் முன்வைக்கிறது. உடம்பு பிடித்துவிடுதலும் பயன்தரக்கூடியவற்றுள் ஒன்றாக அதில் இடம்பெறுகிறது. இடுப்புப் பட்டியும் இழுவைச் சிகிச்சையும் வழமையாக வேண்டியதில்லை என்கிறது. ஆகவே பிடித்துவிடுதலை முற்றாக மறுப்பதற்கில்லை. எனினும் 'நச்சுப்பொருள்கள் வெளியேறும்' என்பது வெறும் அலங்காரம். அவ்வேலையை ஈரலும் சிறுநீரகமும் செய்துகொண்டிருக்கின்றன. நீரிழிவினால் கால் மரத்தவருக்குச் சூட்டின் அளவு தெரியாது. தோல் வெந்த பின்னரே கண்டுகொள்வர். எலும்பு தேய்ந்தவர், காலில் இரத்தக் கட்டியுள்ளவர், கருவுற்ற பெண்கள் ஆகியோர் வைத்தியரைக் கேளாமல் இக்கட்டிலில் ஏறுவது ஆபத்து. பெரியம்மாவும் நீரிழிவு நோயாளியே. அவர் கெண்டைக்காலிற் கண்ட சிவந்த தழும்பு எங்கே வந்ததென்று அவருக்கே தெரியவில்லை.

அதிர்வைப் பற்றிப் பிரசுரம் கூறாது விட்ட செய்தி ஒன்றும் உண்டு. அமெரிக்க வைத்தியர் அலிஸ் ஹமில்ட்டன் 1918 இல் இந்தியானா மாநிலத்தின் சுண்ணக்கல் வெட்டுநரைச் சோதித்தார். காற்றழுத்தச் சுத்தியலை நாள் முழுவதும் பிடித்தவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போயின. உழவு இயந்திரத்தில் ஆண்டுக்கணக்காக அமர்வோருக்கு முதுகு நோ கூடுவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. படுவான்கரை வயல்களில் லாண்ட்மாஸ்டர் பிடித்து உழுதவரின் கைகளைக் கேட்டால் அவையும் சாட்சி சொல்லும். பகலெல்லாம் கூலிக்கு அதிர்ந்த உடம்பை மாலையில் காசு கொடுத்து அதிரவைக்கச் சொல்கிறது நமது சந்தை.

இவ்விடத்தில் பழமையைப் போற்றுவோர் எழுந்து, 'இயந்திரத்தை விடுங்கள். நம் முன்னோரின் கைமருந்து போதும்' என்பர். சித்த மருத்துவம் தொக்கணம் என்ற பெயரால் தட்டல், இறுக்கல், பிடித்தல் முதலாக அசைத்தல் ஈறாக 9 முறைகளை வகுத்திருப்பது நமக்குப் பெருமையே. எங்கள் ஊர்ப் பரிகாரிமாரின் நோவெண்ணெயை நானும் பூசியதுண்டு. ஆயின் பிடித்தவர் யார், பிடிக்கப்பட்டவர் யார் என்று கேளாமல் அப்பெருமையைப் பாடலாகாது. பிறர் உடம்பைத் தொட்டு நோவாற்றும் தொழிலைச் சில சாதியார்மீது சுமத்தி, அத்தொழிலுக்காகவே அவர்களைத் தாழ்த்தி வைத்த சமுதாயம் நம்முடையது. வீட்டுக்குள்ளும் மாமியாரின் காலைப் பிடித்த மருமகளின் முதுகை யாரும் பிடித்ததில்லை. இப்பணியிலிருந்து மனிதரை விடுவிக்கும் இயந்திரத்தை முற்போக்காளர் வரவேற்கவே வேண்டும். அது யாருடைய கையில் இருக்கிறது, எந்த விலைக்கு, எந்தப் பொய்யோடு வருகிறது என்பதே நமது கேள்வி.

மருத்துவ உபகரணங்களையும் ஒழுங்குபடுத்த 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் உண்டு. அம்மண்டபத்தில் படுத்த எவரும், 'இக்கட்டில் பதிவுசெய்யப்பட்டதா?' என்று கேட்கவில்லை. கேட்கலாம் என்று அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டிய ஆசிரியர்களாகிய நாமும் சொல்லவில்லை. பாடசாலையில் விளம்பரம் எழுதக் கற்பிக்கிறோம். விளம்பரத்தை வாசிக்கக் கற்பிப்பதில்லை. அடுத்த தவணையில் தன்வினை பிறவினை கற்பிக்கும்போது, இப்பிரசுரத்தையே பாடமாக வைக்க எண்ணியிருக்கிறேன்.

பெரியம்மாவின் தோடு இப்போதைக்கு அவர் காதிலேயே இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றேன்; அங்கே அவருக்குச் சில பயிற்சிகளைக் கற்பித்து அனுப்பினார்கள். வழியில் அவர் என்னைக் கேட்டார்:

"அங்க போகாட்டி நான் எங்க மனே படுக்கிற?"

அக்கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. சாய்ந்து நெய்யத்தக்க தறியையும், வேலைக்கு இடையே ஓய்வையும், கிராம வைத்தியசாலைதோறும் இயன்மருத்துவரையும், முதுமையில் கைநீட்டாமல் வாழ ஓய்வூதியத்தையும் நாம் கேட்டுப் பெறும்வரை, அம்மண்டபங்கள் நிறைந்தே இருக்கும். வலி நீங்கும் என்று யாரும் எழுதலாம். நீக்குவோம் என்று எழுதுவதற்கு ஓர் எழுவாய் வேண்டும். அவ்வெழுவாய் நாமாக வேண்டும்.