விமானம் தெரியாத வானம்

சீசன் நாட்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கும் காற்றை இலஞ்சியில் யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. வயலில் பயிர் சாய்வதும் சாரல் முகத்தில் குறுக்காக அடிப்பதுமே அது வரும் திசையைச் சொல்லும். பறத்தலை வரைகிறவருக்கும் சிக்கல் இதுதான்: விமானத்துக்கு உருவம் உண்டு, அதைத் தாங்கும் காற்றுக்கு இல்லை. இத்தாலிய ஓவியர் துல்லியோ கிராலி 1939-இல், விமானியின் முதுகுக்குப் பின்னாலிருந்து, நகரத்தின் மீது குப்புறப் பாயும் விமானத்தை வரைந்தார். பார்த்ததும் வயிறு கலங்கும். ஆனால் அங்கே காற்று வெறும் இடைவெளிதான். கார்ன்வால் ஓவியர் பீட்டர் லேன்யன் எதிர்த்திசையில் போனார். இரண்டாம் உலகப்போரில் விமானப்படை மெக்கானிக்காக வேலை பார்த்தவர். விமானத்தின் உடம்பு அவருக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவர் 1959-இல் கிளைடர் ஓட்டப் பழகியபின் வரைந்த படங்களில் விமானத்தின் உருவத்தைக் காண்பது அரிது. கிளைடருக்கு எஞ்சின் இல்லை. பருந்தைப் போலவே, சூடேறி மேலெழும் காற்றைத் தேடி வட்டமிட்டு உயரும். 1960-இல் வரைந்த 'தெர்மல்' அந்தக் காற்றைப் பற்றியது. நீலமும் வெள்ளையும் சாம்பலும் ஒன்றையொன்று முட்டித் தள்ளுகின்றன. கால் ஊன்ற அடிவானம் கிடையாது. காற்றுக்கு எடை உண்டு என்பதை இவ்வளவு அழுத்தமாகச் சொன்ன ஓவியம் குறைவு.

தலைப்பை எடுத்துவிட்டால் இது கடலா, புயலா என்று யாருக்குத் தெரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கடலும் பாறையும் காற்றும் மோதும் கரையில் வளர்ந்த லேன்யன் அவற்றைப் பிரிக்க விரும்பவில்லை என்பது பாதி பதில்தான். பறப்பவர் எங்கே என்ற கேள்வி மிஞ்சுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியிலிருந்து 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்களில், சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலைக்குப் போகிறார்கள். வரைந்தவர் பறந்தறியாதவர், காற்றின் முரட்டுத்தனமோ விழுந்துவிடும் அச்சமோ அங்கே இல்லை. ஆனாலும் போகிற உடல்களைப் பார்த்தே நாமும் போகிறோம். 'தெர்மல்' ஓவியத்தில் அந்தத் துணை இல்லை.

1964-இல் கிளைடர் விபத்துக்குப் பின் லேன்யன் இறந்தார் என்பதால் இப்படங்களில் சாவின் நிழலைத் தேடுவோர் உண்டு. ஆனால் 1960-இன் ஓவியங்கள் புதிதாகப் பழகியவரின் துணிச்சலில் பிறந்தவை. பின்னால் நடந்ததை அவற்றின் மேல் ஏற்றுவது தவறு. அதே ஆண்டின் 'சோலோ ஃப்ளைட்' ஓவியத்தில் ஒரு சிவப்புத் தடம் நிலத்தின் மேல் ஓடுகிறது. அது கிளைடர் போன வழி. தூரிகை போன வழியும் அதுவே. உருவத்தை வரையாமலே பறப்பவரை உள்ளே கொண்டுவர அவரால் முடிந்தது இங்கேதான், அதனால் 'தெர்மலை'விட இதையே மேலானதாகக் கருதுகிறேன்.