இரக்கச் சுவையும் மலையகக் கதையும்

இலக்கியத்தில் விருப்பு வெறுப்பு அவரவர் உரிமை என்பர். ஆயினும் விருப்பத்துக்கும் ஒரு சமூகப் பிறப்பிடம் உண்டு. 'திம்புள்ள' என்னும் பெயர் உலகச் சந்தையில் ஒரு தேநீர்ச் சுவையைக் குறிப்பதாகும். ஆண்டின் முதல் மாதங்களில், வறண்ட குளிர்காற்று வீசும் பருவத்தில் பறிக்கப்படும் கொழுந்தில் அச்சுவை சிறந்து விளங்குகிறது. அதைச் சுவைத்துத் தரம் கூறுவோர் கொழும்பில் இருக்கின்றனர். பறித்தவளின் தீர்ப்பை எவரும் கேட்பதில்லை. மலையக இலக்கியத்தை நாம் சுவைத்த முறையும் ஏறத்தாழ இத்தகையதே.

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' (1935) இதற்குத் தக்க சான்று. இலங்கைத் தோட்டங்களை நேரிற் காணாமலே அவர் எழுதிய இக்கதையின் அறச்சீற்றம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. தமிழக வாசகரின் மனச்சான்றை அது உலுக்கியது. எனினும் அதிலே தோட்டம் என்பது வெறும் தண்டனைக்களமாகவே அமைகிறது. மருதி துன்புறுகிறாள், அவளுடைய உழைப்பின் நுணுக்கமோ நம் கண்ணிற் படுவதில்லை. படித்து முடித்ததும் நாம் இரங்குகிறோம். இரங்குவதற்கு அவளை அறிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' எனக்கு உவப்பானது. 1960களின் தொடக்கத்தில் வெளிவந்து, 1980இல் அதே பெயருடைய தொகுதியில் இடம்பெற்ற இக்கதை, ஒரு பெண் பறித்த கொழுந்தின் நிறையைப் பற்றி எழும் ஐயத்தை மையமாகக் கொண்டது. வெளியாருக்கு இது அற்ப விடயமாகத் தோன்றலாம். நிறை குறைந்தால் 'அரைப்பேர்' விழும் வாழ்க்கையில் தராசின் முள்ளே சோற்றையும் மானத்தையும் தீர்மானிக்கிறது என்பதை அறிந்தோர் அவ்வாறு கருதார். இரண்டிலையும் அரும்புமாகக் கிள்ளும் விரல்களின் வேகம் இங்கு ஒரு கலைத்திறனாகவே மதிக்கப்படுகிறது. அவளுக்காக நாம் கண்ணீர் விடவில்லை. அவள் வெல்வாளா என்று பார்த்திருக்கிறோம்.

இக்கதையிற் சுரண்டலுக்கெதிரான குரல் ஓங்கவில்லை என முற்போக்கு வாசகர் குறைப்படலாம். அக்குறை முற்றிலும் நியாயமற்றதன்று. ஆயினும் உழைப்பாளியின் தன்மதிப்பைக் காட்டாத எழுத்து எத்துணை உரத்து முழங்கினும் அவரைப் பிறர் கருணைக்குரிய பொருளாகவே விட்டுவிடுகிறது. நம் திறனாய்வாளர் சிலர் முழக்கத்தையே முற்போக்கெனக் கொண்டமை வேறு கதை.

மடக்கும்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளையிடமும் இந்த இருநிலையைக் காணலாம். அவர் 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நெடுங்கவிதை, சக்தீ பாலையாவின் மொழியாக்கத்தில் 'தேயிலைத் தோட்டத்திலே' என வெளிவந்தது 1969இல்தான். லயத்து வாசகருக்குத் தம்மைப் பற்றிய கவிதை கிட்டுவதற்குப் பதினைந்தாண்டு சென்றது. அதன் சோகம் உயர்ந்ததே. எனினும் அவர் தொகுத்தளித்த மலைநாட்டு மக்கள் பாடல்களையே நான் மீண்டும் மீண்டும் நாடுகிறேன். அங்கே கங்காணியும் கணக்கப்பிள்ளையும் பெண்களின் வாயில் அகப்பட்டு நையாண்டிக்குள்ளாகின்றனர். பாடுபவள் எவரிடமும் இரக்கம் கோரவில்லை.