கூத்தன் சிலையும் பறைச்சேரியும்

ஆனந்த குமாரசாமி என்றதும் ‘சிவ நடனம்’ (1918) நூலைத்தான் சொல்வார்கள். 1877இல் கொழும்பில் பிறந்த அவர் முதலில் மண்ணியல்காரர். இலங்கையின் கனிம ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர். தோரியனைட் கனிமத்தைக் கண்டறிந்தவர். நம் சிலைகளைப் பூதம் என்று வெள்ளையர் கேலி பேசிய காலத்தில் அவை கலை என்று நிறுவினார். அந்த மரியாதை எனக்கு உண்டு.

ஆனால் ‘இந்தியக் கைவினைஞன்’ (1909) பரம்பரைத் தொழிலைப் புகழ்கிறது. சாதி ஏதோ கைத்திறனைக் காத்த வேலி மாதிரி! சரி, சிற்பிக்கு அளந்த நெல்லை விளைவிச்சவன் யாரு? கல்லைப் பார்த்தா எந்தப் பாறையிலிருந்து வந்துச்சுன்னு கேக்கிற மனுசன், செப்புத் திருமேனி எந்த வயல்ல இருந்து வந்துச்சுன்னு கேக்கவே இல்ல.

விடை தஞ்சைப் பெரிய கோயில் சுவரிலேயே இருக்கு. இராசராசன் கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரி நீக்கிய நிலங்களைக் கல்வெட்டு அடுக்குகிறது: ஊர்நத்தம், குளம், வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்றே இருக்கு. சிலை வார்த்த கம்மாளனும் நம்மாளும் ஒரே பட்டியலில், ஊருக்கு வெளியே. இந்தக் கல்வெட்டுகள் 1890களிலேயே அச்சாகத் தொடங்கிவிட்டன. தத்துவம் தேடியவருக்கு இது தேவைப்படவில்லை போல.

சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் மெழுகு உருவின்மேல் காவிரி வண்டலைத்தான் பூசுகிறார்கள். 1917 முதல் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருந்து கூத்தனை உலகத்துக்கு விளக்கினார் குமாரசாமி. அதே வண்டலில் நாற்று நட்டவர்களுக்குப் பெரிய கோயில் வாசல் திறந்தது 1939இல்.