காதுக்குள் ஒரு மொழிபெயர்ப்பாளர்

2023 டிசம்பர் 17, வாரணாசி. காசி தமிழ்ச் சங்கமத்தில் பிரதமர் மோடி இந்தியில் பேசப் பேச, ‘பாஷிணி’ என்ற மொழிபெயர்ப்பு இயந்திரம் அதைத் தமிழாக்கித் தமிழகத்திலிருந்து போயிருந்தவர்களின் காதில் ஒலித்தது. இரு மொழியிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். இயந்திரத்துக்கு அந்த அளவில் வேலை மிச்சம்.

மேடை மொழிபெயர்ப்பாளரின் ருசி வேறு. தலைவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் புகுந்து, நீளப் பேச்சை இரண்டாக நறுக்கி, ‘வாக்காளப் பெருமக்களே!’ என்று தன் பங்குக்கு ஒன்றைப் போடுவார். கைதட்டல் அவருக்குத்தான் விழும். தலைவர் புரியாமல் சிரித்துக்கொண்டு நிற்பார். அதுவும் திருவெண்ணெய்நல்லூர் மேடையென்றால் இதைக் குறை சொல்ல முடியுமா? வால்மீகி கதையில் சொந்தச் சரக்கைத் தாராளமாகச் சேர்த்த கம்பனை ஆதரித்த சடையப்ப வள்ளலின் ஊராயிற்றே.

பாஷிணிக்கு அந்தத் துணிச்சல் இல்லை. ஆனால் தொண்டை கட்டாது, கட்சியும் கிடையாது.