யார் இடதுபக்கம் நகர்ந்தது?

ஒரு தலித் இடதுசாரியாக மாறிய கதையைச் சொல்வதற்கென்றே நம் முற்போக்கு விமர்சகர்கள் ஒரு ஏணி வைத்திருக்கிறார்கள். கீழ்ப்படி சாதி, மேல்படி வர்க்கம். சாதிக் கோபத்தோடு கிளம்பியவர் தெளிவடைந்து வர்க்க உணர்வுக்கு வந்து சேர்ந்தார் என்று கதையை முடிப்பார்கள். ஏறினவன் கீழ்ப்படியைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால், 'இன்னுமா தோழர் சாதியப் பேசிக்கிட்டு இருக்கீங்க?' நம் ஆட்களில் சிலரோ, 'கம்யூனிஸ்ட் ஆயிட்டானா, அப்ப நம்மள விட்டுப் போயிட்டான்' என்பார்கள். எதிரெதிராக நிற்கும் இந்த இரண்டு பேருமே நம்புவது அதே ஏணியைத்தான்.

ராம்சந்திர பாபாஜி மோரேயின் (1903–1972) வாழ்க்கையைச் சொல்லும் நூல் இந்த ஏணியை உடைத்துப் போடுகிறது. மராத்தியில் வந்த நூல். 2019-இல் வந்தனா சோனால்கரின் மொழிபெயர்ப்பில், அனுபமா ராவின் பதிப்பில் ஆங்கிலத்துக்கு வந்தது. முதல் பகுதி மோரே தன் கையால் எழுதியது. அது இளமைக்கால நினைவுகளோடு பாதியில் நின்றுவிடுகிறது. மிச்சத்தை மகன் சத்யேந்திர மோரே எழுதுகிறார். ஆக, 'நான் ஏன் கம்யூனிஸ்ட் ஆனேன்' என்கிற அத்தியாயம் மோரேயின் குரலில் நமக்கு இல்லை. பெரிய இழப்புதான். ஆனால் அவர் எழுதிய பக்கங்களைக் கவனமாக வாசித்தால் அந்த அத்தியாயத்துக்கான விதை முழுக்க அங்கேயே கிடக்கிறது.

கொங்கணத்து மகர் சிறுவன். உதவித்தொகைத் தேர்வில் தேறியும் மகாட்டில் பள்ளிக்கூடம் இடம் தர மறுக்கிறது. பையன் பத்திரிகைக்கு எழுதிப் போடுகிறான். பிறகு சேர்த்துக்கொள்கிறார்கள், தனியே உட்கார வைத்து. வயிற்றுப்பாட்டுக்கு பம்பாய் போனால் அங்கேயும் சாதி கூடவே வருகிறது. 1927 மார்ச்சில் அம்பேத்கரை அழைத்து வந்து மகாட் மாநாட்டைக் கூட்டியவர்களில் முக்கியமானவர் இந்த மோரே. சவுதார் குளத்துத் தண்ணீரில் கைவைத்தது அந்த மாநாட்டுக் கூட்டம்தான். மூன்றே வருஷத்தில், 1930-இல், அவர் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்கிறார்.

இதை 'மாற்றம்' என்று சொல்லலாமா? பம்பாய் பஞ்சாலைகளுக்குள் போய்ப் பார்ப்போம். கூலி அதிகம் கிடைக்கிற நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களுக்கு இடமில்லை. அறுந்த நூலை நாடாவில் கோர்க்க வாயால் உறிஞ்ச வேண்டும். எச்சில் பட்டால் தீட்டு. தடுத்தது முதலாளி மட்டுமல்ல, பக்கத்துத் தறியில் நின்ற சாதி இந்துத் தொழிலாளியும்தான். 1928 வேலைநிறுத்தத்தின்போது எல்லாப் பிரிவிலும் எங்களுக்கு வேலை வேண்டும் என்று அம்பேத்கர் நெருக்கிய பிறகுதான், அரைமனசோடு, தொழிற்சங்கத் தலைவர்கள் இதைக் கோரிக்கையில் சேர்த்தார்கள். குளத்துத் தண்ணீரும் தறி நூலும் ஒரே தீட்டில்தான் கட்டப்பட்டிருந்தன. இதை உடம்பால் தெரிந்துகொண்ட ஒருவன் குளத்திலிருந்து ஆலைக்குப் போனது கட்சி மாறுவதாகாது. அதே சண்டையை அடுத்த வாசலுக்குக் கொண்டுபோனான், அவ்வளவுதான்.

அம்பேத்கரும் நின்ற இடத்திலேயே நின்றவர் இல்லை. 1936-இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சி. 1938 நவம்பர் 7-இல் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து வேலைநிறுத்தம். 1947-இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' நிலத்தையும் முக்கியத் தொழில்களையும் அரசுடைமையாக்கச் சொல்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் அவரை 'சாதித் தலைவர்' என்ற படியில் நிறுத்தி வைத்தார்களே, அது யாருடைய பார்வைக் கோளாறு?

மோரே கட்சிக்குள் போய் வாயை மூடிக்கொள்ளவும் இல்லை. தீண்டாமையையும் சாதியையும் கட்சி தன் வேலையாக எடுக்க வேண்டும் என்று 1953-இல் தலைமைக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். கட்சியில் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆன ஒரு தோழர், கட்சிக்கே பாடம் சொல்ல வேண்டியிருந்தது. விமர்சகர்களின் ஏணிக்கதையில் இந்தக் குறிப்புக்கு இடம் கிடையாது.

கணக்கை இப்படிப் போட்டுப் பார்க்கலாம். மோரே பிற்பாடு நின்ற மார்க்சிஸ்ட் கட்சி 1964-இல் உருவானது. அதன் அரசியல் தலைமைக்குழுவில் முதல் தலித்தாக ராமச்சந்திர தோம் இடம்பெற்றது 2022-இல். இடையில் 58 வருஷம்.

தலித்துகள் இடதுபக்கம் எப்படி நகர்ந்தார்கள் என்று ஆய்வு பண்ணுகிறவர்கள் பண்ணட்டும். நிலமில்லாமல், கூலிக்கு உழைத்து, குளத்துக்கு வெளியே நின்றவர்கள் வேறு எந்தப் பக்கம் இருந்திருக்க முடியும்? மோரேயின் வாழ்க்கையை வாசிக்கிற மாணவர்களும் தோழர்களும் கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்க வேண்டும்: இடதுசாரி இயக்கம் எங்க பக்கம் நகர ஏன் இவ்வளவு காலம் எடுத்துக்கிச்சு?